‘கோ’ என்ற ஒரு சொல்லும் செக் மொழி கேட்கும் கேள்விகளும்

ஆங்கிலத்தில் ‘ஐ வென்ட் டு ப்ர்னோ’ என்று ஒருவர் எழுதியிருப்பதாக வைத்துக்கொள்வோம். ப்ர்னோ செக் குடியரசின் இரண்டாவது பெரிய நகரம். தலைநகரான ப்ராகிலிருந்து ஏறத்தாழ 200 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. இந்த வாக்கியத்தைத் தமிழாக்க நமக்கு யோசனையே தேவைப்படாது: ‘நான் ப்ர்னோவுக்குப் போனேன்.’ ஆனால் இதையே செக் மொழியில் எழுத உட்காரும் மொழிபெயர்ப்பாளர் வினைச்சொல்லை எழுதும் முன்பே நின்றுவிடுவார். சொல்பவர் ஆணா பெண்ணா? நடந்து போனாரா, வண்டியில் போனாரா? ஒருமுறை போனாரா, அடிக்கடி போய்வந்துகொண்டிருந்தாரா? போய்ச் சேர்ந்து திரும்பிவிட்டாரா? இந்தக் கேள்விகளுள் எதற்கும் மூல வாக்கியத்தில் பதில் இல்லை. அப்படியிருந்தும் இவற்றுக்கு விடை தெரியாமல் செக்கில் போதலைக் குறிக்கும் வினையைக் கொண்டு அந்த வாக்கியத்தை முடிக்க இயலாது.

பல பொருள் கொண்ட சொல்லை மொழிபெயர்ப்பது என்றால் அகராதியைத் திறந்து அங்கே வரிசையாக இருக்கும் இணைச்சொற்களுள் பொருத்தமான ஒன்றைத் தேர்ந்தெடுப்பது என்றே தொடக்கத்தில் எல்லோரும் எண்ணுகிறோம். ஆங்கிலத்தில் போதலைக் குறிக்கும் ‘கோ’ (இறந்தகாலத்தில் ‘வென்ட்’) போன்ற மிக எளிய, மிக அடிக்கடி வரும் சொற்களில்தான் அந்த எண்ணம் முதலில் உடைகிறது. மூலச் சொல்லில் அடங்கியிருக்கும் பொருள்களை அகராதி காட்டும். மூலத்தில் சொல்லப்படாமல் விடப்பட்டிருப்பது என்ன என்பதை அது காட்டாது. ‘கோ’ என்ற சொல்லைச் செக்கில் பெயர்ப்பவர் முதலில் தேட வேண்டியது அந்தச் சொல்லப்படாத பகுதியைத்தான். தமிழர்களாகிய நமக்கு இதில் ஒரு தனிச் சிக்கலும் உண்டு. நம்முடைய ‘போ’ ஆங்கிலத்தின் ‘கோ’வுக்கு மிக அருகில் இருப்பதால், ஆங்கிலச் சொல்லின் அகலம் நமக்கு உறுத்துவதே இல்லை.

செக் மொழி சிலாவிய மொழிக் குடும்பத்தின் மேற்குக் கிளையைச் சேர்ந்தது. போலிஷும் ஸ்லோவாக்கும் அதன் நெருங்கிய உறவுகள். ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் பேசுகிறார்கள். செக் சொற்களை இங்கே தமிழ் எழுத்தில் தருகிறேன். தமிழில் ஒரே ‘த’ இரண்டு ஒலிகளுக்கும் ஒரே ‘ப’ இரண்டு ஒலிகளுக்கும் நிற்பதால், இவை தோராயமான உச்சரிப்புகளே என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

முதல் பிரிவு இது. கால்நடையாகப் போவது ‘யீத்’. வண்டி, ரயில், பேருந்து, சைக்கிள் என்று ஏதேனும் ஒன்றில் போவது ‘யெத்’. உயிரெழுத்து ஒன்று மாறுவதைத் தவிர இவ்விரண்டுக்கும் காதில் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் பொருளில் இவை இரண்டு தனித்தனி வினைகள். ‘நான் போகிறேன்’ என்பது நடந்து செல்பவர் வாயில் ‘ய்து’ என்றும், வண்டியில் செல்பவர் வாயில் ‘யெது’ என்றும் வரும். பேச்சில் முதலாவதன் யகர ஒலி பெரும்பாலும் நழுவி, வெறும் ‘து’ என்றே கேட்கும். ப்ராகில் வசிக்கும் ஒருவர் ‘ய்து தொ ப்ர்ன’ என்று சொன்னால், அவர் 200 கிலோமீட்டரையும் நடந்தே கடக்கப் புறப்பட்டுவிட்டார் என்று கேட்பவர் புரிந்துகொள்வார். தொடக்கநிலை மாணவர்கள் பலர் தவறாமல் செய்யும் பிழை இது. ஜெர்மன் மொழியிலும் நடப்பதற்கு ‘கேயென்’ என்றும் வண்டியில் போவதற்கு ‘ஃபாரென்’ என்றும் இரண்டு சொற்கள் இருப்பதால், ஜெர்மன் தெரிந்தவர்களுக்கு இந்த முதல் படி எளிது.

விமானத்துக்கு மூன்றாவது வினை உண்டு: ‘லெத்யெத்’, அதாவது பறப்பது. ‘அவர் சென்னைக்குப் போகிறார்’ என்பதைச் செக்கில் ‘அவர் சென்னைக்குப் பறக்கிறார்’ என்று சொல்வது முற்றிலும் இயல்பு.

இந்த விதியைக் கற்றவுடன் அதை எல்லா இடத்திலும் இறுக்கிப் பிடிக்கும் ஆர்வம் வரும். அங்கே ஒரு தளர்வு இருக்கிறது. ‘இன்று மாலை நாங்கள் திரையரங்குக்குப் போகிறோம்’ என்று ஒரே ஊருக்குள் நடக்கும் நிகழ்ச்சியைச் சொல்லும்போது, ட்ராமில் ஏறிப் போனாலும் செக் பேசுபவர் ‘யீத்’ என்ற வினையையே பயன்படுத்துவார். அங்கே பேச்சின் மையம் பயணம் அன்று; படம் பார்ப்பது என்ற செயல்தான். ‘தூங்கப் போகிறேன்’, ‘நீந்தப் போகிறேன்’ என்று ஒரு செயலை நோக்கி எழுந்து செல்வதையும் ‘யீத்’ தன் பக்கத்தில் இன்னொரு வினையைச் சேர்த்துக்கொண்டு சொல்லிவிடும். ஆகவே மொழிபெயர்ப்பாளர் ‘காலா, சக்கரமா’ என்று மட்டும் கேட்டால் போதாது. எழுதியவரின் மனம் வழியில் இருக்கிறதா, போய்ச் செய்யப்போகும் காரியத்தில் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

இரண்டாவது பிரிவுதான் சிலாவிய மொழிகளுக்கே உரிய நுட்பம். ஒரு குறிப்பிட்ட திசையில், ஒரு குறிப்பிட்ட தடவை போவது ஒரு வினை. வழக்கமாகப் போய்வருவதோ, திசையில்லாமல் உலாவுவதோ வேறு வினை. நடைக்கு ‘யீத்’ என்றால் அதன் வழக்க வடிவம் ‘ஹொதித்’. வண்டிக்கு ‘யெத்’ என்றால் அதன் வழக்க வடிவம் ‘யெஸ்தித்’. பறத்தலுக்கு ‘லெத்யெத்’ என்றால் ‘லேதத்’. ‘ய்து தொ ஷ்கொலி’ என்றால் இதோ இப்போது பள்ளிக்கூடத்தை நோக்கி நடந்துகொண்டிருக்கிறேன் என்று பொருள். ‘ஹொதீம் தொ ஷ்கொலி’ என்றால் நான் பள்ளியில் படிக்கும் மாணவன் என்று பொருள். அதைச் சொல்லும்போது அவன் வீட்டில் படுத்துக்கொண்டிருக்கலாம். நடையா வண்டியா, ஒருமுறையா வழக்கமா என்ற இதே நான்கு முனைப் பகுப்பு போலிஷிலும் ரஷ்யனிலும் இருக்கிறது.

‘ஹொதித்’ என்ற வினையின் விரிவு எனக்கு மிகவும் பிடித்த பகுதி. அறைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடப்பவர் செய்வதும் ‘ஹொதித்’. ஒரு குழந்தை நடக்கத் தொடங்கிவிட்டது என்று தாய் மகிழ்ச்சியோடு சொல்வதும் இதே வினையால்தான். எங்கும் போகாத, போகும் ஆற்றலை மட்டும் குறிக்கும் நடை அது. ஒருவரோடு ‘ஹொதித்’ என்றால் அவரைக் காதலித்துப் பழகிவருவது. ஆங்கிலத்தில் இவை எல்லாவற்றுக்கும் ஒரே சொல் போதாது. ஓர் ஆங்கிலச் சொல் செக்கில் பலவாகப் பிரிவதையே நாம் கவனிக்கிறோம். ஒரு செக் சொல் ஆங்கிலத்தில் பலவாகப் பிரிவதும் அதே அளவு நடக்கிறது.

ஆங்கில வினையின் காலத்தைப் பார்த்து இந்த இணைகளுள் ஒன்றைத் தேர்ந்துவிடலாமா என்று கேட்கலாம். நிகழ்காலத்தில் ஓரளவு முடியும். ‘ஐ கோ’ என்பது பெரும்பாலும் வழக்கத்தையும் ‘ஐ ஆம் கோயிங்’ என்பது பெரும்பாலும் ஒரு தடவைப் போக்கையும் காட்டுகின்றன. இறந்த காலத்தில் இந்த உதவி மறைந்துவிடுகிறது. ‘வென்ட்’ என்ற ஒரே சொல் நேற்று நடந்ததற்கும், சிறுவயது முழுவதும் நடந்துவந்ததற்கும் நிற்கிறது. பக்கத்தில் ‘நேற்று’ இருக்கிறதா, ‘ஒவ்வொரு ஞாயிறும்’ இருக்கிறதா என்று தேடித்தான் முடிவு செய்ய வேண்டும். அந்தத் தடயம் மூன்று பத்திகள் தள்ளிக்கூட இருக்கலாம்.

இறந்த காலம் இன்னொரு கேள்வியையும் கொண்டுவருகிறது. செக்கில் இறந்தகால வினை எழுவாயின் பாலைக் காட்டும். தமிழில் ‘போனான், போனாள்’ என்று படர்க்கையில் நாம் செய்வதுதான் இது. ஆனால் நம் தன்மை வினை பால் காட்டுவதில்லை. ‘நான் போனேன்’ என்பதைக் கண்ணனும் சொல்லலாம், கண்ணம்மாவும் சொல்லலாம். செக்கிலோ ஆண் ‘யெல் ஸெம்’ என்பார். பெண் ‘யெல ஸெம்’ என்பார். நடந்து போனதற்கு முறையே ‘ஷெல் ஸெம்’, ‘ஷ்ல ஸெம்’. (‘ஷெல்’ நம் ‘செல்’ போல ஒலிப்பது முழுத் தற்செயல், நினைவில் வைக்க மட்டும் உதவும்.) ஆங்கிலச் சிறுகதை ஒன்று, கதை சொல்லும் ‘நான்’ ஆணா பெண்ணா என்பதைக் கடைசிப் பக்கம்வரை வேண்டுமென்றே மறைத்து வைத்திருந்தால், அதைச் செக்கில் பெயர்ப்பவர் ‘வென்ட்’ வரும் முதல் இடத்திலேயே அந்த மறைவைக் காப்பாற்ற வழி தேட வேண்டியிருக்கும். நிகழ்காலத்தில் எழுதுவது, வினையின் எழுவாயை மாற்றுவது என்று வழிகள் உண்டு. எல்லாமே கதையின் நடையை ஓரளவு மாற்றும்.

ஒரு சின்ன வரலாற்றுச் செய்தி. ஆங்கிலத்தில் ‘கோ’வும் ‘வென்ட்’டும் ஒரே வேரில் பிறந்தவை அல்ல, ‘வென்ட்’ முன்பு வேறொரு வினையின் இறந்தகாலமாக இருந்தது. செக்கிலும் அதே கதைதான். ‘ய்து’ ஒரு வேர். ‘ஷெல்’ வேறு வேர். ‘ஷெல்’லின் வேரும் ‘ஹொதித்’தின் வேரும் ஒன்றே. மிக அதிகமாகப் புழங்கும் வினைகள்தாம் இப்படி ஒட்டுப்போட்ட உருவத்தோடு நிலைத்துவிடுகின்றன.

போய்த் திரும்பிவிட்ட பயணத்தைச் செக் பேசுபவர்கள் சொல்லும் முறையும் கவனிக்கத்தக்கது. ‘கடந்த ஆண்டு நான் இத்தாலிக்குப் போனேன்’ என்பதற்கு ‘கடந்த ஆண்டு நான் இத்தாலியில் இருந்தேன்’ என்று, ‘இரு’ என்னும் பொருளுடைய வினையையே அவர்கள் மிக இயல்பாகப் பயன்படுத்துவார்கள். அந்த முறையில் நம் முதல் வாக்கியம் ‘பில் ஸெம் வ் ப்ர்ன்யெ’ என்று ஆகும். அதில் ‘போ’ என்ற பொருளே இல்லை. பயணத்தின் வழியைச் சொல்ல வந்தால் ‘யெத்’. பயணம் முடிந்து அனுபவமாகிவிட்டால் ‘இரு’. நடந்தா, வண்டியிலா என்று மூலத்தில் சொல்லப்படாத இடங்களில் இந்த ‘இருந்தேன்’ மொழிபெயர்ப்பாளருக்குப் பெரும் துணை, ஏனெனில் அது போக்குவரத்துக் கேள்வியையே எழுப்புவதில்லை.

எதிர்காலத்தில் ஒரு பொறி இருக்கிறது, அது குறிப்பாக நமக்கு வைத்த பொறி. ‘மழை பெய்யப் போகிறது’ என்று தமிழும் சொல்கிறது. ஆங்கிலமும் அப்படியே ‘கோயிங் டு’ என்று சொல்கிறது. இரண்டு மொழிகளிலும் போதல் என்ற வினை, இடப்பெயர்ச்சியை விட்டுவிட்டு, வருங்காலத்தின் அடையாளமாக மாறிவிட்டது. இரண்டு மொழிகள் ஒத்துப்போவதால் மூன்றாவதும் ஒத்துப்போகும் என்று மனம் நம்பிவிடுகிறது. செக் ஒத்துப்போவதில்லை. அங்கே ‘புதெ ப்ர்ஷெத்’, அதாவது எதிர்காலத் துணைவினையோடு ‘மழை பெய்யும்’ என்றுதான் வரும். மழையோடு ‘யீத்’தைச் சேர்த்தால் மழை எழுந்து எங்கோ நடந்து செல்வது போன்ற விசித்திரமான தொடர் கிடைக்கும். நேர்மாறாக, உண்மையான போதலின் எதிர்காலம் துணைவினை இல்லாமல் ‘பொ’ என்ற முன்னொட்டோடு வரும்: வண்டியில் போவேன் என்பது ‘பொயெது’, பறந்து போவேன் என்பது ‘பொலெத்தீம்’. நடையில் மட்டும் அது சற்று நீண்டு ‘பூய்து’ ஆகிறது.

முன்னொட்டுகளைத் தொட்டுவிட்டதால், அவற்றின் பெரிய வேலையையும் பார்த்துவிடுவோம். தனியாக நிற்கும் ‘யீத்’ போய்க்கொண்டிருப்பதை மட்டும் சொல்லும். போய்ச் சேர்ந்ததையோ கிளம்பிவிட்டதையோ சொல்லாது. அதற்கு முன்னொட்டு வேண்டும். ‘ஒதெயீத்’ என்றால் இடத்தை விட்டுக் கிளம்புதல். ‘ப்ர்ஷியீத்’ என்றால் வந்து சேர்தல். ‘ப்ர்ஷெயீத்’ என்றால் குறுக்கே கடத்தல். ‘ஒபெயீத்’ என்றால் சுற்றிக்கொண்டு போதல். ‘நயீத்’ என்பதற்குக் கண்டெடுத்தல் என்று பொருள். போகிற வழியில் ஒன்றின் மேல் போய்ச் சேர்வதே கண்டெடுத்தல் ஆகிவிட்டது. இவற்றுக்கெல்லாம் வண்டிக்கான இணையும் பெரும்பாலும் உண்டு. கிளம்புதல் ‘ஒத்யெத்’, வந்து சேர்தல் ‘ப்ர்ஷியெத்’. ‘அவள் வீட்டுக்குப் போய்விட்டாள்’ என்ற பொருளில் ஆங்கிலம் ‘ஷி வென்ட் ஹோம்’ என்றால், முன்னொட்டில்லாத ‘ஷ்ல’வைப் போட்டால் அவள் வீட்டுப் பக்கம் நடந்ததாக மட்டுமே அமையும், அவள் இப்போது இங்கே இல்லை என்ற செய்தி வேண்டுமானால் ‘ஒதெஷ்ல’ வேண்டும். நாம் ‘போனாள்’ என்பதற்கும் ‘போய்விட்டாள்’ என்பதற்கும் இடையே உணரும் வேறுபாடு இங்கே உதவிக்கு வருகிறது. ஆங்கிலத்தைவிடத் தமிழ் வழியாக இந்த இடத்தை விளங்கிக்கொள்வது எளிது.

இதே காரணத்தால் ‘வா’வுக்கும் ‘போ’வுக்கும் இடையே உள்ள கோடும் செக்கில் வேறு இடத்தில் விழுகிறது. அடுத்த அறையிலிருந்து யாரேனும் கூப்பிட்டால் நாம் ‘இதோ வருகிறேன்’ என்கிறோம், ஆங்கிலமும் அப்படியே. செக் பேசுபவர் ‘உஷ் ய்து’ என்பார்: இதோ போகிறேன். அவமதிப்பு எதுவும் அதில் இல்லை.

இனி இடப்பெயர்ச்சியே இல்லாத ‘கோ’க்கள். இங்கே தமிழர்களுக்கு ஆங்கிலம் மறுபடியும் உறவுக்காரரைப் போல் தெரியும். பால் கெட்டுப்போகிறது, மனிதர் கண் தெரியாமல் போகிறார், மின்சாரம் போய்விடுகிறது. நாம் ‘போ’வைத் துணைவினையாக வைத்து ஒரு நிலை மாறி வேறு நிலை ஆவதைச் சொல்வதைப் போலவே ஆங்கிலமும் ‘கோ’வை வைத்துச் சொல்கிறது. செக் இங்கே போதலைத் தொடுவதே இல்லை. பால் கெட்டதற்கு ‘ஸ்கஸிலொ ஸெ’ என்று ஒரே வினை; கண்பார்வை இழப்பதற்கு ‘ஒஸ்லெப்நொவ்த்’ என்று, குருடு என்னும் சொல்லிலிருந்தே பிறந்த தனி வினை. மின்சாரம் போனால் ‘விபத்ல் ப்ரொவ்த்’, அதாவது மின்னோட்டம் விழுந்துவிட்டது என்பார்கள். இந்தச் சாலை ப்ர்னோவுக்குப் போகிறது என்று நாம் சொன்னால், அவர்கள் சாலை ப்ர்னோவுக்கு ‘வெதெ’, வழிநடத்துகிறது, என்பார்கள். சாலை நகர்வதில்லை அல்லவா? கடையில் கையில் எடுத்துச் செல்ல வாங்கும் காப்பிக்கு ஆங்கிலப் பலகை ‘டு கோ’ என்று சொல்லும்; ப்ராகின் காப்பிக் கடைகளில் ‘ஸ் ஸெபொவ்’, தன்னோடு, என்று எழுதியிருப்பார்கள்.

இதைக் கண்டு, செக்கின் ‘யீத்’ தரையில் நடப்பதற்கு மட்டுமே உரியது என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. அதற்கும் உருவகப் பொருள்கள் ஏராளம். அவை ‘கோ’வின் உருவகங்களோடு பொருந்துவதில்லை என்பதுதான் செய்தி. கடிகாரம் செக்கில் நடக்கிறது. ‘தொ நெய்தெ’ என்றால் சொல்லுக்குச் சொல் ‘அது போகாது’. உண்மையில் அதன் பொருள் ‘அது முடியாது’. அலுவலகச் சன்னலுக்குப் பின்னாலிருந்து அந்தத் தொடரைக் கேட்காமல் செக் நாட்டில் வாழ்ந்தவர் அரிது. எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால் ‘ய்தெ தொ’ என்று பதில் வரும். ஏதோ ஓடுகிறது என்று நாம் சொல்வோமே, அதேதான். ‘ய்தெ ஒ’ என்று தொடங்கினால் ‘விஷயம் இதைப் பற்றியது’ என்று பொருள். ஆகவே செக்கிலிருந்து தமிழுக்கு வரும்போது ‘யீத்’தைப் பார்த்தவுடன் ‘போ’வை எழுதுவதும் அதே அளவு ஆபத்தானது.

வினை சரியாக அமைந்த பிறகும் அதன் அக்கம்பக்கம் ஒன்று மிஞ்சுகிறது. தமிழில் ‘-க்கு’ என்ற ஒரே உருபு எல்லா இடத்துக்கும் போதும்; செக்கில் ஊருக்கும் பெரும்பாலான நாடுகளுக்கும் ‘தொ’, அஞ்சல் நிலையம், ரயில் நிலையம் போன்ற இடங்களுக்கு ‘ந’, மருத்துவர் போன்ற ஓர் ஆளிடம் போகும்போது ‘க்’ என்று முன்னிடைச்சொல் மாறும். இந்தியாவுக்குப் போகிறவர் ‘தொ’ என்பார். இலங்கைக்குப் போகிறவர், பல தீவுகளுக்குச் சொல்வதைப் போல, ‘ந’ என்பார். ஏறிச் செல்லும் வண்டியின் பெயர் இடைச்சொல் எதுவுமின்றிக் கருவி வேற்றுமை ஏற்கும்: ரயிலால் போகிறேன், ட்ராமால் போகிறேன் என்பது போல ‘வ்லக்கெம்’, ‘த்ரம்வயீ’. சைக்கிளோ விலகி நின்று ‘ந கொலெ’, சைக்கிளின் மேல், என்று வரும்.

தமிழிலிருந்து செக்குக்குப் போகும்போதும் இதே கேள்விகள் காத்திருக்கின்றன. ப்ராகில் பிறந்து, தமிழ் இலக்கியத்தைச் செக் மொழிக்குக் கொண்டுசென்ற கமில் சுவெலபில் (1927–2009) போன்ற அறிஞர்கள் ஒவ்வொரு ‘சென்றான்’, ‘போயினர்’ என்ற இடத்திலும் இவற்றுக்கு விடை கண்டே தீர வேண்டியிருந்திருக்கும். கோவலனும் கண்ணகியும் புகாரைவிட்டு மதுரைக்குச் சென்றார்கள் என்று நாம் ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். செக்கில் அங்கே வண்டி வினைக்கு இடமில்லை. அவர்கள் நடந்தார்கள், ஆகவே ‘ஷ்லி’. வழித்துணையாக வந்த கவுந்தியடிகளும் கண்ணகியும் மட்டும் நடந்ததாக ஒரு வாக்கியம் அமைந்தால், குழுவில் ஆண் இல்லாததால் செக் பெண்பால் பன்மையைக் கேட்கும். காதுக்கு அதுவும் ‘ஷ்லி’ என்றே ஒலிக்கும். எழுத்தில் மட்டும் கடைசி உயிரெழுத்து மாறி நிற்கும்.